பசை தடவாத மூட்டு

தெருவில் அவளை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பால் போடுகிறவர், மூலைக்கடைக்காரர், எதிர்வீட்டு வக்கீல் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று ஒரு காலத்தில் அவள் மடியில் உட்கார்ந்து மூக்கை வழியவிட்டு அழுதிருக்கும். மழலையர் வகுப்பு மிஸ். பள்ளிக்கூடக் கட்டடத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவருக்குப் பிள்ளைகள் வேண்டாம், வண்டி நிறுத்த இடம்தான் வேண்டும். பள்ளிக்கூடம் போனது, சம்பளம் போனது, மிஸ் என்ற பெயர் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டது.

வேறு பள்ளிக்கூடங்களில் போய்க் கேட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். தகவல் வரவில்லை. நாற்பத்து மூன்று வயது ஆளுக்குத் தகவல் மெதுவாகத்தான் வரும் என்று அவளே தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

குழாய் வேலைக்கு அவள் போனது ஒரு விபத்து மாதிரி. தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அவள் கிளம்பியது நாத்தனாரைத் தையல் வகுப்பில் சேர்க்கத்தான். கல்யாணமாகி ஒரே வருஷத்தில், "சரிப்பட்டு வரலை, வந்துட்டேன்" என்று பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள் நாத்தனார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஒன்றைத் தவிர உலகத்திலுள்ள மற்ற எல்லா விஷயத்தைப் பற்றியும் அவள் ஓயாமல் பேசுவாள் என்பதால் தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தையல் வகுப்பில் இடமில்லை. குழாய் வேலைக்கு இருக்கிறது, சேருகிறாயா என்று கேட்டார்கள்.

"நானா? அடுத்தவங்க வீட்டுக் கக்கூஸ்ல கையை விடவா? ஆளை விடுங்க" என்றாள் நாத்தனார்.

 பள்ளிக்கூடத்தில் கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று மிஸ் நினைத்துப் பார்த்தாள். சாக்பீஸ், அழிரப்பர், பட்டாணி, ஒரு தடவை யாருடைய பல்லோ. அத்தனையையும் அந்த வளைந்த குழாயைக் கழற்றி எடுத்தது அவள்தான். தண்ணீர் தடையில்லாமல் 'கடகட'வென்று இறங்கும் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப என்னைச் சேத்துக்குங்க" என்றாள்.

வீட்டில் நாத்தனார் அண்ணனிடம் புகார் சொன்னாள். "என்னைச் சேக்கப் போய் அண்ணி அவங்களைச் சேத்துக்கிட்டு வந்திருக்காங்க. கடைக்கு அனுப்பினா கடையையே வாங்கிட்டு வர்ற ஆளு."

அண்ணன் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவர். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பதாலும் கையில் எப்போதும் அளவுகோல் இருப்பதாலும் கடைத்தெருவில் அவருக்குக் கெஜக்கோல் என்று பெயர். தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னால் கூசிப் போவார். மனைவியைப் பற்றி என்றால் கேட்கிறவர் கால்மாற்றி நிற்கவேண்டியதுதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பிளம்பரா? நம்ம வீட்டுலயா? இனிமே அந்த 'இதோ வந்துட்டேன்' ஆளுக்காக வாசலைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டாம். நாளைக்கே கடையில எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"இன்னும் ஒரு நட்டுகூடத் திருகலைங்க. கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்.

பயிற்சி நிலையத்தில் முதல் நாள். தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை. மேஜை மேஜையாகப் பிடிமானங்கள், சுவரோரம் குழாய்த் துண்டுகள், எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை. மீசை அரும்பிய பிள்ளைகளுக்கு நடுவில் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு மிஸ் கடைசி வரிசையில் நின்றாள். பயிற்சியாளர் உள்ளே வந்தார். இளைஞர். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அவளைக் கண்டதும் கையிலிருந்த ரெஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மிஸ்!"

அவளுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. முதல் மாதம் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா வேண்டும் என்று கதறிய பையன்.

"குட்மார்னிங் சார்" என்றாள்.

"மிஸ், நீங்க போய் என்னை சார்னு..."

"இங்க நீங்கதான் சார். உக்காருன்னு சொல்லுங்க, உக்கார்றேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் காலரைச் சரிசெய்துகொண்டு உட்காரச் சொன்னார்.

ஆனால் அவரால் அவளைத் திட்ட முடியவில்லை. மற்றவர்கள் குழாயைக் கோணலாக அறுத்தால் எட்டு மேஜைக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். அவள் அறுத்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, "பரவாயில்லை மிஸ், நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிடுவார். அது நல்லாயில்லை என்று அவளுக்கே தெரியும். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்தாள்.

"தம்பி, நீ எழுத்தைத் தலைகீழா எழுதினப்ப நான் பரவாயில்லைன்னு சொல்லி விட்டேனா?"

"இல்ல மிஸ். அழிச்சிட்டு மறுபடி எழுதச் சொன்னீங்க."

"அழுதியா?"

"அழுதேன்."

"எழுதினியா?"

"எழுதினேன் மிஸ்."

"அப்புறம் என்ன? நாளைலேருந்து எனக்கும் அதே மாதிரி சொல்லிக்குடு."

மறுநாளிலிருந்து அவளுக்கும் திட்டு நன்றாக விழுந்தது. பிளாஸ்டிக் குழாய் வேலையில் அவர் ஒன்றை மட்டும் மந்திரம் மாதிரி சொல்லுவார். முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பார். அளவு சரியாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசை தடவி ஒட்டு. ஒட்டிய கையோடு மூட்டின்மேல் பென்சிலால் ஒரு கோடு போடு. கோடு இல்லாத மூட்டு பசையில்லாத மூட்டு.

வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு சார் என்னை நல்லா திட்டினார்" என்று மிஸ் சிரித்த முகமாகச் சொல்லுவாள்.

"அண்ணா, கேட்டியா?" என்பாள் நாத்தனார், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. "இத்தனை வருஷமா நானும்தான் திட்டறேன். ஒரு நாளாச்சும் இப்படிச் சந்தோஷப்பட்டிருக்காங்களா?"

பயிற்சி முடிந்து தொழில் தொடங்கியபோது கூட நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. கக்கூஸில் கை விடமாட்டேன் என்ற நாத்தனார், "கை விடமாட்டேன்னுதான் சொன்னேன். பை தூக்கமாட்டேன்னு சொல்லலையே" என்று கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பழைய ஸ்கூட்டர் ஒன்றின் பின்னால் பெட்டி வைத்துக் கட்டி, 'மிஸ் குழாய் வேலை' என்று அவளே பெயிண்டில் எழுதினாள். 'வேலை'யில் 'லை' இடம் போதாமல் பெட்டியின் பக்கவாட்டுக்குத் திரும்பிப் போனது. போன் எடுப்பதும் அவள்தான்.

"ஒழுகுதா? எங்க ஒழுகுது? மேலயா, கீழயா? சொட்டுச் சொட்டாவா, கொட்டுதா? முதல்ல வால்வை மூடுங்க. வால்வு எங்கன்னு தெரியாதா? உங்க வீடுதானே அது?"

"கொஞ்சம் தன்மையா பேசக்கூடாதா?" என்று மிஸ் கேட்டால், "தன்மையா பேச நீங்க இருக்கீங்க, அண்ணி. காரியம் ஆக நான்" என்பாள்.

பகலில் தனியாக இருக்கும் பெண்கள் தயங்காமல் கூப்பிட்டார்கள். மிஸ்ஸுக்குப் பழைய பழக்கம் போகவில்லை. அடைப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "யார் இதுக்குள்ள முடியைப் போட்டது?" என்று கேட்பாள். தொந்தியும் தொப்பையுமான ஆண்கள் மனைவிக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். வாஷர் மாற்றுவது, அடைப்பெடுப்பது, டேங்க் மிதவை சரிசெய்வது என்று சின்னச் சின்ன வேலையாக வந்தது. அவளுக்கு அது போதுமாயிருந்தது. கைக்கு வருகிறவரை சின்ன வேலைதான் என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டது அவள் வீட்டுக்காரர்தான்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்ததும், "முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"கடை மூணாவது மாடியில புதுசா பாத்ரூம் கட்டறாங்கல்ல? குழாய் வேலை முழுசும் நீ பாத்துக்குவேன்னு."

மிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, நான் இதுவரைக்கும் முழு லைன் போட்டதே இல்லை."

"போட்டா போட்டதா ஆயிடும்."

"அண்ணா, அவங்களை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் நாத்தனார்.

"கேட்டா மாட்டேன்னுதானே சொல்லுவா? அதான் கேக்கலை. முதலாளியம்மா யாரை நம்புவாங்க? இத்தனை வருஷத்துல என்னைத்தான் சாவியை வச்சுக்கச் சொல்லியிருக்காங்க. நான் சொன்னதும் சரின்னுட்டாங்க."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. முட்டைப் பொரியலை அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தாள். பயம் வந்தால் அவள் யாருக்காவது சோறு போடுவாள்.

ஜவுளிக்கடை அகலம் குறைந்த, உயரமான கட்டடம். கீழே கடை. அதற்கு மேல் இரண்டு மாடியிலும் சரக்கு. துணிச்சுருள்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. சத்தம் அதன் வழியாக மேலும் கீழும் தெளிவாகப் போய்வரும். மூன்றாவது மாடியில் நின்று இருமினால் கீழே துணி பார்ப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மிஸ் நிதானமாகத்தான் செய்தாள். சுவரில் கோடு போட்டு, அளந்து, மறுபடி அளந்து, அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்தாள். அளவு கச்சிதம். கடைசி நாள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசை தடவி ஒட்டிக்கொண்டு வந்தாள். தொட்டிக்குப் பின்னாலிருக்கும் மூலைக்கு வந்தபோது, பொருத்தியிருந்ததில் விரிசல் தெரிந்ததால் மூன்று வாய் வைத்த மூட்டு ஒன்று புதிதாகத் தேவைப்பட்டது. அதற்குத் தொழிலில் டீ என்று பெயர். நாத்தனார் பால்கனியில் குழாய் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஒரு டீ குடு" என்று உரக்கச் சொன்னாள்.

அது படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் ஒரு தட்டில் டம்ளர்களோடு மேலே வந்தார். தனியாக வரவில்லை. பில் போடுகிறவர், பொட்டலம் கட்டுகிறவர், துணி வாங்க வந்த ஒரு தம்பதி என்று ஒரு ஊர்வலமே பின்னால் வந்தது.

"டீ கேட்டியாமே! இதோ. இவங்கதான் என் வீட்டுக்காரம்மா. பாருங்க, இந்தக் குழாய் எல்லாம் இவங்க ஒரே கையால போட்டது."

"ரெண்டு கையாலதான்" என்றாள் நாத்தனார்.

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தாள். கூச்சமாகவும் இருந்தது, குளிர்ச்சியாகவும் இருந்தது. பசைத் தூரிகையை டப்பாவில் போட்டு மூடிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டாள். அந்தத் தம்பதி ஏதேதோ கேட்டார்கள். அவர்கள் போனபின் நாத்தனார் கொடுத்த டீ மூட்டை வாங்கி ஒட்டினாள், கோடு போட்டாள். அதற்குப் பக்கத்திலிருந்த வளைவு மூட்டு பொருத்தியபடியே பளிச்சென்று இருந்தது. ஒட்டியாகிவிட்டது என்று கண் சொன்னது. கை கேட்டுக்கொண்டது.

தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. முதலாளியம்மா மாடியேறி வந்தார். கணவர் போனபின் தனியாளாகக் கடையை நடத்துகிறவர், அளந்துதான் பேசுவார். சுற்றிப் பார்த்து, "ம்" என்றார். அந்த அம்மாவிடமிருந்து 'ம்' வாங்குவது பெரிய விஷயம் என்று வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பசையில்லாத மூட்டு உடனே கழன்றுவிடாது. இறுக்கத்திலேயே கொஞ்ச காலம் பிடித்துக்கொண்டு நிற்கும். டேங்க் நிரம்பி அழுத்தம் ஏறுகிற ஒரு நேரத்தில் வாய் விட்டுவிடும். இது விட்டது கடைக்கு வார விடுமுறையன்று. தண்ணீர் குறையக் குறைய டேங்க் தானாக நிரம்பிக்கொண்டே இருந்தது. மூன்றாம் மாடித் தரையில் பரவி, விரிசல் வழியாக இறங்கி, இரண்டாம் மாடித் துணிகள்மேல் ஒரு பகலும் ஓர் இரவும் மழையாகப் பெய்தது.

மறுநாள் காலை கடையைத் திறக்கப் போனவர் வீட்டுக்காரர். மிஸ்ஸுக்குச் செய்தி அவரிடமிருந்து வரவில்லை. மூலைக்கடைக்காரர் சொல்லி நாத்தனாருக்கு வந்தது.

"அண்ணி, பையை எடுங்க. கடையில தண்ணி."

ஸ்கூட்டர் கடைத்தெருவுக்குப் பறந்தது. 

படிக்கட்டில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாயம் கலந்த தண்ணீர். ஒரு படியில் நீலமாக, ஒரு படியில் சிவப்பாக. மூன்றாம் மாடிக்கு ஓடினாள். வால்வை யாரோ மூடியிருந்தார்கள். மூலையில் வளைவு மூட்டு தனியாகத் தொங்கியது. குழாயின் முனையை விரலால் தடவினாள். வழுவழுவென்று, கடையிலிருந்து வந்த மாதிரியே சுத்தமாக இருந்தது. பசையின் சுவடே இல்லை. கோடும் இல்லை.

 அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து முதலாளியம்மாவின் குரல் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் பண்ண வேலையைப் பாத்தீங்களா? முந்தாநாள் கடை சாத்தறப்ப ஏணியைத் தூக்கிட்டு வந்து இடிச்சிட்டாராம். இடிச்சவர் பாத்திருக்க வேண்டாமா?"

மிஸ் திரும்பிப் பார்த்தாள். முதலாளியம்மாவுக்குப் பின்னால் வீட்டுக்காரர் முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "என் தப்புதாம்மா" என்றார்.

அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.  அந்த ஒரு நிமிஷத்தை விட்டதும், அடுத்த நிமிஷத்தில் எல்லாரும் துணியைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று முழுக்க வேலை. சட்டைத்துணி, திரைச்சீலை, படுக்கை விரிப்பு, எல்லாம் ஈரத்தில் பிணம் மாதிரி கனத்தது. கடை மாடி போதவில்லை. நாத்தனார் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

"உங்க மொட்டை மாடி வேணும். கொடிக்கயிறு இருக்கா? போன மாசம் உங்க அடைப்பை எடுத்தது யாரு? அப்ப ஏறுங்க மேல."

வானத்தில் மேகம் இருந்தது. வெயில் வருவதும் போவதுமாக விளையாட்டுக் காட்டியது. மதியத்துக்குள் தெரு முழுக்க மொட்டை மாடிகளில் வண்ண வண்ணமாகத் துணி தொங்கியது. மூலைக்கடைக்காரர் ரொட்டியும் டீயும் கொடுத்தனுப்பினார். வக்கீல் தன் வீட்டு மாடியில் கறுப்புக் கோட்டோடு நின்று திரைச்சீலைக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார்.

பிழிவதுதான் பெரிய பாடு. நீளத் துணிக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆள் வேண்டும். கடை மாடியில் ஒரு முனையை மிஸ்ஸும் மறுமுனையை வீட்டுக்காரரும் பிடித்தார்கள். அவள் ஒரு பக்கம் முறுக்க, அவர் எதிர்ப்பக்கம் முறுக்கினார். துணி கயிறாகத் திரண்டு தண்ணீர் கொட்டியது. முறுக்க முறுக்க நீளம் குறைந்து இரண்டு பேரும் கிட்டே வந்தார்கள். கிட்டே வந்தால் முகத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

"ஏணியா?" என்றாள் அவள், மெதுவாக.

"கையை விடாதே, தரையில பட்டுடும்" என்றார் அவர்.

அவர் காதுகள் இரண்டும் சிவந்திருந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் கைகால்கூடக் கழுவவில்லை. அடுக்களை வாசலில் நின்றுகொண்டாள்.

"எந்த ஏணிங்க?"

"கடை ஏணிதான்."

"அதை எதுக்கு மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்க?"

அவர் யோசித்தார். "ஒட்டடை அடிக்க."

"புதுசா கட்டின பாத்ரூம்ல ஒட்டடையா?" என்றாள் நாத்தனார். "பொய் சொல்றதுதான் சொல்றே, கொஞ்சம் பொருத்தமா சொல்லக்கூடாதா அண்ணா? நம்ம வீட்டுலயே நீ ஒட்டடை அடிச்சு நான் பாத்ததில்லை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரத்தில் ஊறிய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டார்.

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கே. இது வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? பாடம் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு சொல்லுவாங்க. அதோட முடிஞ்சு போச்சு. என்னை என்ன சொல்லிடப் போறாங்க? கவனமில்லாம இடிச்சிட்டான். ரெண்டு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்க."

"உங்க வேலை போயிருந்தா?"

"போகலையே."

"போயிருந்தா?"

 அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்தது. நாத்தனார் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"பசை தடவ மறந்தது நான்" என்றாள் மிஸ்.  "அது குழாய் வேலை பாக்கறவங்க பண்ற தப்பு. வேலை பாத்ததாலதான் அந்தத் தப்பே வந்துச்சு. அதை நீங்க எடுத்துக்கிட்டா நான் யாருங்க? புருஷன் கடையில சும்மா வந்து குழாயைத் தொட்டு விளையாடிட்டுப் போன ஆளு. அவ்வளவுதானா?"

"நான் அப்படி நினைக்கலை."

"தெரியும். என் மேல பிரியத்துலதான் சொன்னீங்க. அதனாலதான் எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தி வருது. வேற யாராச்சும் சொல்லியிருந்தா நாலு திட்டுத் திட்டிட்டுப் போயிடுவேன். உங்களை என்ன பண்றது?"

அவள் அழுதாள். அவர் எழுந்து வந்து என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். நெடுநெடுவென்ற உடம்பைக் குனிந்து அவள் முகத்தைப் பார்க்க முயன்றார்.

"காலையில நான் போய்ச் சொல்லப் போறேன்" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப நான் பொய்யன்னு ஆகிடுமே."

"ஆனீங்கதானே?"

நாத்தனார் தட்டுகளை எடுத்து வைத்தாள். "ரெண்டு பேரும் சாப்பிடுங்க. பொய்யனும் சாப்பிடலாம், பிளம்பரும் சாப்பிடலாம். சோறு ஆறிப் போகுது." அன்று அவள் மிஸ்ஸின் தட்டில் முதலில் பரிமாறினாள்.

மறுநாள் காலை முதலாளியம்மா சரக்கு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் ஏறாதது ஒரு பக்கம், ஏறியது ஒரு பக்கம். ஏறிய பக்கம்தான் உயரமாக இருந்தது. மிஸ் அறுத்தெடுத்த குழாய் முனையை அவர் முன்னால் வைத்தாள்.

"அவர் இடிக்கலைம்மா. நான் இந்த மூட்டுக்குப் பசை தடவ மறந்துட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

முதலாளியம்மா குழாயைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தார்.

"தெரியும்" என்றார்.

மிஸ் நிமிர்ந்தாள்.

"சாயம் போகுமான்னு துணி வாங்க வர்றவங்க கேட்டா, போகும்னு சொல்ற ஆளும்மா உன் வீட்டுக்காரர். என் கடையில நின்னுக்கிட்டு என் துணியை! எத்தனை தடவை அவரோட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வருமா? ஏணின்னு சொல்றப்பவே காது ரெண்டும் பழுத்துப் போச்சு. பாவம், வாழ்க்கையில ஒரு பொய் சொல்றாரு, அது கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

மிஸ் குழாய் முனையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீ வரியா பாக்கலாம்னு இருந்தேன்" என்றார் முதலாளியம்மா. "வரலைன்னா இன்னிக்கு மத்தியானம் வேற ஆளைக் கூப்பிட்டிருப்பேன். உன் வீட்டுக்காரரை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். உன்னைத்தான் இந்தப் படி ஏற விட்டிருக்க மாட்டேன்."

"நஷ்டத்துக்கு..."

"நஷ்டம் நஷ்டம்தான். அதைச் சும்மா விடற ஆளில்லை நான். இந்த வருஷம் முடியற வரைக்கும் இந்தக் கட்டடத்துல எந்தக் குழாய் ஒழுகினாலும் நீதான் வரணும். கூலி கிடையாது. போய் அந்த லைனை ஒழுங்கா போடு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. நீ வேலை பாக்கறப்ப அவர் மேல வரக்கூடாது. டீயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மூலைப் பகுதியை முழுக்க அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். நாத்தனார் டார்ச் பிடித்தாள். பொருத்திப் பார்த்து, கழற்றி, பசை தடவி, ஒட்டி, பிடித்துக்கொண்டு நின்று, கோடு போட்டாள். ஒவ்வொரு மூட்டையும் நாத்தனார் வாய்விட்டுச் சொன்னாள். "இது ஆச்சு. இதுவும் ஆச்சு. இதுக்குக் கோடு எங்க? ஆங், இருக்கு."

பசை காயக் காத்திருக்கவேண்டும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நல்லவேளை, துணி எல்லாம் உள்ளே வந்துவிட்டது. மிஸ் குழாயைச் சுவரோடு பிடிக்கும் தாங்கி ஒன்றை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று சுத்தியலை எடுத்து ஆணியை நாலு தட்டுத் தட்டினாள்.

அந்தச் சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கியது. கீழே ஒரு பெண்குரல் கேட்டது.

"மேல என்னங்க சத்தம்?"

மிஸ் சுத்தியலை நிறுத்தினாள். அவளையறியாமல் தோள்கள் குறுகின. இப்போது ஊர்வலம் கிளம்பும்.

"பிளம்பர் வேலை பாக்கறாங்க" என்றார் வீட்டுக்காரர். அவ்வளவுதான். கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்படியா? எங்க வீட்டுலயும் சமையல்கட்டுக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது. இவங்க வருவாங்களா?"

கத்தரிக்கோல் நின்றது. மேலே இரண்டு பெண்களும் படிக்கட்டுப் பக்கம் காதைத் திருப்பினார்கள். 

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் அவர். "அவங்க கீழ வந்ததும் நீங்களே கேட்டுக்குங்க."

நாத்தனார் டார்ச்சை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "அண்ணி, கேட்டீங்களா?"

"வெளிச்சத்தைக் குழாயில காட்டு" என்றாள் மிஸ், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

நேரம் ஆனதும் எழுந்து வால்வைத் திறந்தாள். காற்று முதலில் சீறியது, பிறகு தண்ணீர் உள்ளே ஓடி நிரம்பியது. உலர்ந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்த்தாள். நாத்தனார் போதும் என்ற பிறகும் பார்த்தாள். பிறகு தலைமுடியைச் சரியாக ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கீழே காத்திருக்கிற பெண்ணிடம் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்கப் படியிறங்கினாள்.